இழப்பில்லாமல் வந்தவர்கள்

கிழக்கே யுவாரென் பேரரசுக்குப் போன வணிகக் கூட்டம் எதுவும் அதுவரை முழுசாகத் திரும்பி வந்ததில்லை. அதனால் முழுசாகத் திரும்பி வந்த ஒரு கூட்டத்தை என்ன செய்வதென்று ஒர்தகன் நகரத்துக் கீழ்த்திசைப் பாதைப் பேரவைக்குத் தெரியவில்லை. தெரியாத விஷயங்களில் எப்போதும் செய்வதையே பேரவை அப்போதும் செய்தது. வாசலைச் சாத்தியது.

வாசலுக்கு வெளியே நின்றவன் தொர்குன். கோவேறு கழுதை ஓட்டியே நாற்பதைத் தாண்டியவன். ஒரு கூட்டத்துக்குத் தலைவனாகப் போனது இதுதான் முதல் தடவை. அவனுக்குப் பின்னால் மனைவியின் தம்பி கத்பிஷ், கழுதைகளுக்கெல்லாம் தாய்போல இருந்த கிழவி ஒஸ்மெரி, மற்ற ஆட்கள், எல்லாரும் கை கால் மூக்கு விரலோடு நின்றார்கள். மூட்டைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

வாசற்காவலர் தெம்ரி கதவிலிருந்த சின்ன ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"எத்தனை பேர் போனீங்க?"

"பதினாலு பேருண்ணே."

"எத்தனை பேர் வந்திருக்கீங்க?"

"பதினாலு."

தெம்ரி விரல் நீட்டி எண்ணினார். திருப்தி இல்லாமல் மறுபடியும் எண்ணினார்.

"விளையாடாத தொர்குன். யாரு செத்தது?"

"யாரும் சாகலண்ணே."

"யாருமேவா?"

"ஒரு கழுதை செத்துச்சு."

"கழுதை ஆகாதுப்பா," என்றார் தெம்ரி வருத்தத்தோடு. "கழுதையெல்லாம் சொத்துல வரும். தியாகத்துல வராது. இழப்பு உறுதியான பிறகுதான் கூட்டத்தை உள்ள விடணும்னு விதி. நான் என்ன பண்ணட்டும்?"

"அண்ணே, சீக்கிரம் போகணும். மூட்டையில இருக்கறது பனிவேரு, காய்ச்சல் மருந்து. காஞ்சா விறகு. யுவாரென்ல எல்லாரும் சொன்னாங்க, நீலக்காய்ச்சல் மேக்க நகருதுன்னு. அதான் பட்டு, பீங்கான் எதையும் தொடாம இதையே ஏத்திட்டு வந்தோம். ஊருக்குள்ள காய்ச்சல் வந்துடுச்சா?"

தெம்ரி தன் கையை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிக் காட்டினார். நகக்கண்களில் நீலம் ஏறத் தொடங்கியிருந்தது.

"விசாரணைக்குச் சொல்லி அனுப்பறேன்," என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

விசாரணை மண்டபம் மதிலுக்கு வெளியே, வாசலை ஒட்டியே இருந்தது. சுவர் முழுக்கக் கீழ்த்திசைப் பாதையின் ஆபத்துகளை வண்ணத்தில் தீட்டியிருந்தார்கள். தீட்டியவர் அந்த மண்டபத்தைத் தாண்டிப் போகாதவர். மணல்மீனுக்கு அழகான சிறகுகள் வைத்திருந்தார். தொர்குன் மணல்மீனை நேரில் பார்த்தவன். அதற்குச் சிறகு கிடையாது, வாய் மட்டும்தான். அதைச் சொல்லலாமா என்று யோசித்துவிட்டு வேண்டாமென்று விட்டான்.

பேரவையின் தலைவருக்குப் பெரும்பாதையர் என்று பட்டம். பெயர் அவ்ரென்தஸ். அவரைப் பல்லக்கில் தூக்கி வந்தார்கள். பாதையின் புனிதத்தை முன்னிட்டு அதில் காலே வைப்பதில்லை என்று பதவியேற்ற நாளில் சபதம் செய்தவர் அவர். முப்பது வருஷமாகக் காப்பாற்றி வருகிறார். அவருக்கு வலப்பக்கத்தில் இழப்புத்துறை அதிகாரி ஹல்வீனா துக்க உடையில் உட்கார்ந்தாள். அது அவளுடைய சீருடை. விருந்துக்கும் அதையே அணிவாள்.

ஹல்வீனாதான் முதலில் ஆரம்பித்தாள். "என் பணிக்காலத்துல இப்படி ஒரு கேவலம் நடந்ததில்ல. பதினாலு குடும்பத்துக்கும் ஆறுதல் சொல்ல ஆள் பிரிச்சு வெச்சிருந்தேன். அழறதுக்கு ஆள் ஏற்பாடு பண்ணியாச்சு. இப்ப அவங்க மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

"மன்னிச்சுக்கங்கம்மா," என்றான் தொர்குன்.

பெரும்பாதையர் தொண்டையைச் செருமினார். "முதலில் நீர் யுவாரெனுக்குப் போனீரா என்பதே ஐயம். பேரரசரின் நகரத்தைக் கண்டீரா? தங்கக் கூரைகள் வெயிலில் எந்த நிறம் காட்டின?"

"கூரையெல்லாம் ஓடுங்கய்யா. சிலது ஒழுகுது."

"பேரரசின் கூரை ஒழுகாது."

"நாங்க தங்கின சத்திரத்துல ஒழுகுச்சுங்க."

"எல்லையில் உம்மை எதிர்கொண்டது யார்? ஆயிரம் வெண்குதிரைப் படையா, வெள்ளி முகமூடி வீரர்களா? நூல்களில் இரண்டும் இருக்கின்றன."

"ஒரு எழுத்தருங்க. பாவம், பல்வலி. கன்னத்துல துணி கட்டியிருந்தாரு. மூட்டையத் தொட்டுப் பாத்தாரு, போங்கன்னு கைய ஆட்டினாரு."

சபையில் சலசலப்பு எழுந்தது. யுவாரெனின் எழுத்தருக்குப் பல்வலி வருமா என்று உறுப்பினர்கள் வாதிட்டார்கள். வராது என்று பெரும்பான்மை முடிவெடுத்தது. தொர்குன் வாசல் பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே ஒஸ்மெரி தன் குடிதண்ணீர்க் குடுவையை மூட்டைமேல் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"கூப்பிடு கணவாய்க்கு வருவோம்," என்றார் பெரும்பாதையர்.

அந்தப் பெயரைக் கேட்டதும் எல்லாரும் தலை குனிந்தார்கள். அது யுவாரெனுக்குப் போகிற வழியில் உள்ள மலைக்கணவாய். அங்கே யாருடைய பெயரையாவது வாய்விட்டுச் சொன்னால் மலை அதைக் கற்றுக்கொள்ளும். பிறகு அதே பெயரைத் தேன் ஒழுகக் கூப்பிடும். கேட்டவர் அந்தக் குரலை நோக்கி நடப்பார். குரல் வரும் பக்கத்தில் தரை இருக்காது. பேரவையின் முதல் விதி, கூட்டத்தலைவன் கணவாயின் நடுவில் நின்று ஒவ்வொருவர் பெயரையும் உரக்கக் கூப்பிட்டு, ஆள் இருக்கிறாரா என்று சரிபார்க்க வேண்டும் என்பது. எல்லாக் கூட்டமும் அப்படியே செய்தது. எல்லாக் கூட்டமும் அங்கேதான் ஆட்களை இழந்தது.

"விதிப்படி பெயர்களை விளித்தீரா?"

"இல்லீங்கய்யா. எனக்குச் சளி பிடிச்சுத் தொண்டை கட்டிக்கிச்சு. காத்துதான் வந்துச்சு. மத்தவங்களையும் பேரு சொல்ல வேண்டாம்னு ஒஸ்மெரியக்கா சொல்லிட்டாங்க."

"பின் எப்படி ஒருவரையொருவர் அழைத்தீர்கள்?"

தொர்குன் தயங்கினான். "எருமை, தடிமாடு, மூதேவி, அந்த மாதிரிங்க. மலையும் அப்படியே கூப்பிட்டுச்சு. யாரும் போகல. தடிமாடேன்னு கூப்பிட்டப்ப மட்டும் கத்பிஷ் ஒரு தடவை திரும்பிப் பாத்தான்."

கத்பிஷ் வெளியிலிருந்து, "அது பழக்கதோஷம் மச்சான்," என்றான்.

பெரும்பாதையரின் முகம் சிவந்தது. "பெயரைக் கூப்பிடாவிட்டால், விழுந்தது யார் என்று எப்படித் தெரியும்?"

"கூப்பிடலன்னா யாரும் விழமாட்டாங்கய்யா."

 இதைப் பதிவு செய்யலாமா என்று பேரவையின் எழுத்தன் கேட்டான். வேண்டாமென்று பெரும்பாதையர் கையசைத்தார். பிறகு எழுந்து நின்றார். அவர் எழுந்தால் சொற்பொழிவு என்று அர்த்தம். உறுப்பினர்கள் வசதியாகச் சாய்ந்துகொண்டார்கள்.

"அவையோரே! தலைமுறை தலைமுறையாக நம் மக்கள் இந்தப் பாதையில் செத்துக்கொண்டிருக்கிறார்கள். இதை ஒழுங்காக நடத்திவருவது யார்? இந்தப் பேரவை! அவர்களுக்காக வீட்டுக்கு வீடு துயர்வரி வாங்குவது யார்? இந்தப் பேரவை! அந்த வரியில் எழுந்ததுதானே இந்த மண்டபம், அந்தத் தியாகத் தூண், நாம் சாய்ந்திருக்கும் இந்தத் திண்டுகள்? நாளை போகிறவன் எல்லாம் சளி பிடித்துக்கொண்டு உயிரோடு திரும்பினால் நாம் துயருக்கு எங்கே போவோம்? துயரில்லாமல் எந்த முகத்தோடு வரி கேட்போம்? ஆறுதல் பிரிவில் மட்டும் எத்தனை பேர்! எல்லாரும் பிள்ளைகுட்டிக்காரர்கள். கணவாயைக் கடக்கும்போது இந்த மனிதன் அவர்களைப் பற்றி ஒரு நொடி நினைத்துப் பார்த்தானா?"

நினைத்துப் பார்க்கவில்லை என்று தொர்குன் ஒப்புக்கொண்டான். உண்மையில் அவன் கணவாயில் மனைவி சிலாயெத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான். வாய் திறந்து அவள் பெயரைச் சொல்லிவிடக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். அதைச் சபையில் சொல்லத் தோன்றவில்லை.

விசாரணை தள்ளிவைக்கப்பட்டது. எதற்குத் தள்ளிவைப்பு என்று அவன் கேட்டான். யோசிக்க என்றார்கள்.

மறுநாள் காலை சிலாயெத்தே வாசலுக்கு வந்தாள். அவள் கம்பளி அடிக்கிறவள். ஈரக் கம்பளியைப் பாயில் சுருட்டி முழங்கையால் அடித்து அடித்து, தோள் இரண்டும் ஆம்பிளைத் தோள்போல இருக்கும். அந்தத் தோளை வாசலின் சிறுகதவுக் கம்பியில் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன, ஊரு சுத்தி முடிச்சாச்சா?"

தொர்குன் சிரித்தான்.

"மெலிஞ்சு போயிட்ட. அந்தப் பேரரசுல சோறு போடலியா?"

"போட்டாங்க. உப்பு கம்மி." அவன் கம்பியைப் பிடித்திருந்த அவள் விரல்களைப் பார்த்தான். "விரலு ஏன் நீலமா இருக்கு?"

"சாயம்."

"நீ கம்பளி அடிக்கிறவ. சாயம் போடறவ இல்ல."

"இப்பப் போடறேன். நீ இல்லாத நேரத்துல நானும் ஏதாச்சும் கத்துக்கக் கூடாதா?"

அவன் மூட்டைக்கு ஓடி ஒரு வேரை உருவிக்கொண்டு வந்தான். கம்பிக்கு உள்ளே நீட்டினான். காவலன் ஒருவன் ஈட்டிக் கட்டையால் அவன் மணிக்கட்டில் தட்டினான். முத்திரை விழாத சரக்கு கைமாறக் கூடாது. வாங்குகிறவரையும் ஊரைவிட்டு வெளியேற்றுவார்கள்.

"வெளியேத்தினா நல்லதுதானய்யா," என்றான் தொர்குன். "வெளியில நான்தான் இருக்கேன்."

"கைப்பத்தின பிறகுதான் வெளியேத்துவோம். பொருள எரிச்சுடுவோம்."

சிலாயெத் அந்தக் காவலனை மேலும் கீழும் பார்த்தாள். "நீ வார்தெம் மகன்தான? உன் தொட்டிலுக்குக் கம்பளி அடிச்சுக் குடுத்தது நான். தெரியாமப் போச்சு." காவலன் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் புருஷனிடம் குரலைத் தாழ்த்தினாள். "ஏன், பேசாம யாரையாவது ஒருத்தரத் தள்ளிவிட்டுட்டு வந்திருக்கலாம்ல?"

"யாரத் தள்றது?"

"என் தம்பிய. சோறாவது மிச்சமாயிருக்கும்."

"அக்கா!" என்றான் கத்பிஷ்.

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் நிற்க வெகுநேரம் ஆனது. பிறகு, அடுப்பில் கஞ்சி வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்தபடியே நடந்து போனாள். தொர்குனுக்கு அவள் நடை தெரியும். அடுப்பில் எதுவும் இல்லை என்பதும் தெரிந்தது.

அன்று மத்தியானமே கத்பிஷ் ஒரு கட்டு வேரைத் துணியில் சுற்றி மதிலுக்கு மேலே வீசினான். உள்ளே விழுந்ததைக் காவலர் பிடித்துவிட்டார்கள். பேரவை முழுதும் கூடி, மேளம் முழங்க, அந்தக் கட்டை வாசற்சதுக்கத்தில் வைத்துக் கொளுத்தியது. பச்சை வேர் எளிதில் எரியவில்லை. புகைதான் வந்தது. பக்கத்தில் நின்று புகையைச் சுவாசித்த இரண்டு காவலருக்கு மட்டும் அன்றே காய்ச்சல் இறங்கி, நகம் வெளுத்தது. அனுமதியில்லாமல் குணமான குற்றத்துக்காக இருவரையும் வேலைநீக்கம் செய்தார்கள்.

அடுத்த விசாரணையில் கத்பிஷ் தானே எழுந்து நின்றான்.

"என்னையச் செத்தவன்னு எழுதிக்கங்க. கணவாயில விழுந்துட்டேன். சரியா? இப்ப கதவத் திறங்க."

சபை அதை நிதானமாகப் பரிசீலித்தது. ஹல்வீனாவுக்கு யோசனை பிடித்திருந்தது. அழ ஏற்பாடு செய்த ஆட்கள் இன்னும் சும்மாதான் இருந்தார்கள். ஆனால் எழுத்தன் ஒரு சிக்கலைக் கிளப்பினான். மரணத்துக்கு நேரில் கண்ட சாட்சி வேண்டும்.

"நான் கண்டேன்," என்றான் கத்பிஷ்.

"இறந்தவர் தன் மரணத்துக்குத் தானே சாட்சி சொல்ல முடியாது."

"சரி, மச்சான் சொல்லட்டும்."

எல்லாரும் தொர்குனைப் பார்த்தார்கள். அவன் பொய் சொல்லிப் பழகாதவன், ஆனாலும் கம்பியில் பார்த்த விரல்களை நினைத்துக்கொண்டு, "விழுந்தான்யா. என் கண்ணால பாத்தேன்," என்றான்.

"பெயரைக் கேட்டுத்தானே விழுந்தார்?" என்று பெரும்பாதையர் ஆவலோடு முன்னால் குனிந்தார். "அப்படியானால் விதிப்படி நீர் பெயர் விளித்திருக்கிறீர். முந்தைய வாக்குமூலம் பொய். பொய் வாக்குமூலம் கொடுத்த கூட்டத்தை மூன்று வளர்பிறை வெளியே நிறுத்த வேண்டும்."

"இல்லீங்கய்யா, பேரு கூப்பிடல."

"அப்படியானால் அவர் விழவில்லை."

கத்பிஷ் கையிலிருந்த தொப்பியைத் தரையில் அடித்தான். "அட, செத்தாலும் விடமாட்டீங்களா!"

"இறந்தவரை அமைதி காக்கச் சொல்லுங்கள்," என்றார் பெரும்பாதையர்.

ஒஸ்மெரி அதுவரை வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். இப்போது எழுந்து உள்ளே வந்தாள். எழுபதைத் தாண்டியவள். கழுதைகளோடு பேசிப் பேசி மனிதரோடு மரியாதையாகப் பேசும் பழக்கம் விட்டுப்போனவள்.

"ஏய் பல்லக்கு," என்றாள். "ஊருல ஆளுங்க செத்துட்டிருக்காங்க. மருந்து வாசல்ல காயுது. உனக்கு வெளிய ஒரு பொணம் வேணும், அதான? நான் இருக்கேன். இதோ இப்பவே அந்தக் கல்லுல மண்டைய மோதிக்கறேன். என்னைய எடுத்துக்க. கதவத் திற."

தொர்குன் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அவனுக்குத் தெரிந்தது. அவள் கை அவ்வளவு அமைதியாக இருந்தது.

பெரும்பாதையர் அவளைக் கனிவோடு பார்த்தார். "அம்மா, உங்கள் தியாக உணர்வைப் போற்றுகிறோம். ஆனால் மண்டபத்தில் இறந்தால் அது கட்டடப் பராமரிப்புத் துறையின் பொறுப்பு. பாதையில் இறந்ததாகாது."

விசாரணை மறுபடியும் தள்ளிப்போனது.

அதன் பிறகு வெளியே இருந்தவர்களுக்குத் தண்ணீர்தான் கவலை. பேரவை கொடுத்த தண்ணீர் குடிக்கவே போதாது. அதில் பாதியை வேர்மேல் ஊற்றினார்கள். வெயிலேற ஏற மூட்டைகளை இடம் மாற்றி மாற்றி மதில் நிழலிலேயே வைத்தார்கள். அப்படியும் மேல்வரிசை வேர்கள் சுருங்கத் தொடங்கின. தொர்குன் நாவறண்டு கதவோரமே கிடந்தான். ஜன்னல் திறக்கும்போதெல்லாம் தெம்ரியிடம் ஒரே கேள்விதான் கேட்டான். இன்றைக்குக் கொஞ்சம் கஞ்சி குடித்தாள் என்றார் தெம்ரி ஒருநாள். இன்றைக்குத் தூங்குகிறாள் என்றார் இன்னொருநாள். பிறகு ஒருநாள் ஜன்னலைத் திறந்தார், ஒன்றும் சொல்லாமல் சாத்திக்கொண்டார்.

அன்று முற்பகலில் வாசலின் சிறுகதவு வழியாக ஹல்வீனா வந்தாள். துக்க உடைக்கு மேலே முகம் பளிச்சென்று இருந்தது.

"தொர்குன், நல்ல சேதி. அதாவது, துயரச் சேதி. உங்க கூட்டத்துக்கு இழப்பு உறுதியாயிடுச்சு."

அவனுக்குப் புரியவில்லை. திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தான். எல்லாரும் அங்கேயேதான் இருந்தார்கள். "யாரு?"

"உங்க மனைவி. இன்னிக்கு விடியக்காலையில." அவள் அவன் தோளைத் தொட்டாள், ஆறுதல் பிரிவின் முறைப்படி இடது தோள். "பாதையில நடந்தவங்களத்தான் சேக்கணும்னு சிலர் ஆட்சேபம் சொன்னாங்க. பெரும்பாதையர்தான் ஒத்தக்கால்ல நின்னு, காத்திருந்ததும் பயணம்தான்னு தீர்ப்புச் சொன்னாரு. உங்களுக்காக எவ்வளவு நேரம் வாதாடினாரு தெரியுமா? நீங்க நன்றி சொல்லணும்."

 கத்பிஷ் மண்ணில் உட்கார்ந்துவிட்டான். வாசல் முழுசாகத் திறந்தது. எக்காளம் ஊதினார்கள். திரும்பி வந்த கூட்டத்தின் மேல் தூவவென்று வைத்திருந்த பூக்களைத் தூவினார்கள். தாமதத்தில் அவை வாடியிருந்தன.

வீட்டில் அவளைக் கம்பளிப் பாயில் படுக்கவைத்திருந்தார்கள். தொர்குன் அடுப்பை மூட்டினான். பானையில் தண்ணீர் வைத்தான். மடியில் வைத்திருந்த வேரை நறுக்கிப் போட்டான். யுவாரென் சத்திரத்துக்காரி சொல்லிக்கொடுத்தபடி, தண்ணீர் சிவக்கும்வரை பொறுமையாகக் கிண்டிக்கொண்டிருந்தான். அக்கம்பக்கத்தார் வாசலில் நின்று பார்த்தார்கள். யாருக்கும் அவனைத் தடுக்க மனம் வரவில்லை. கஷாயம் இறங்கியதும் கிண்ணத்தோடு திரும்பினான். எங்கே போவதென்று தெரியாமல் நின்றான்.

ஒஸ்மெரி கிண்ணத்தை அவன் கையிலிருந்து வாங்கி, பக்கத்துவீட்டுப் பெண்ணுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்தப் பெண் பிழைத்தாள்.

மீதி வேரைப் பேரவை பொறுப்பேற்றுக்கொண்டது. முதலில் உறுப்பினர்கள் பதவி வரிசைப்படி குடித்தார்கள், காய்ச்சல் இருந்தவர்களும் இல்லாதவர்களும். அடுத்து அவர்கள் சம்பந்திகள். மிச்சத்தை ஊருக்கு விட்டபோது பாதிக்குமேல் விறகாகியிருந்தது. கழுதைத் தீவனப் பைகளில் ஒஸ்மெரி ஒளித்து வைத்திருந்ததுதான் கம்பளிக்காரர் தெருவைக் காப்பாற்றியது.

சிலாயெத்தின் பெயரைத் தியாகத் தூணில் பொறித்தார்கள். அந்த விழாவுக்கு ஊரே வந்தது. வராதவர்களுக்குத் துயர்வரி இரட்டிப்பு. பெரும்பாதையர் மேடையில் நின்று பேசினார்.

"இந்த வீராங்கனை பாதையில் ஓரடியும் வைக்கவில்லை. நானும் வைத்ததில்லை! ஆனாலும் பாதை எங்கள் இருவர் நெஞ்சிலும் ஓடியது. மருந்து வாசலில் நிற்பதை அறிந்தும், விதியை மீறி ஒரு வேரையும் இவர் வாங்கவில்லை. எத்தகைய ஒழுக்கம்! இவரைப் போன்றவர்கள் இருக்கும்வரை இந்தப் பேரவைக்கு அழிவில்லை. இப்போது மரபுப்படி இவர் பெயரை மும்முறை விளிக்கிறேன்." அவர் மூச்சை இழுத்தார். "சிலாயெ..."

"வேண்டாம்யா," என்றான் தொர்குன்.

அவனை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். மெல்லிய குரலில்தான் சொன்னான். பெரும்பாதையர் நெகிழ்ச்சியோடு தலையசைத்துவிட்டு மறுபடி வாயைத் திறந்தார். தொர்குன் மேடையேறினான். தன் உள்ளங்கையால் அவர் வாயைப் பொத்தினான். கழுதை வாரைப் பிடித்துக் காய்த்துப்போன கை. பெரும்பாதையர் கண்கள் பிதுங்கின. 

"அவ பேர உங்க வாயால சொல்லாதீங்க," என்றான். பிறகு கையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான்.

தலை போகும் என்றுதான் கத்பிஷ் நினைத்தான். ஆனால் அந்த மாலையே பேரவையிலிருந்து பாராட்டு வந்தது. இவ்வளவு தரமான துயரத்தை மேடையில் பார்த்ததே இல்லை என்று துக்கம் தாளாமல் ஹல்வீனா அழுதாளாம். வருங்கால விழாக்களில் வாய்பொத்துதலைச் சடங்காகவே சேர்க்கலாமா என்று ஆராய ஒரு குழு அமைத்தார்கள்.

பனி விட்டதும் தொர்குன் பேரவைக்குப் போய், மறுபடி யுவாரெனுக்குக் கூட்டம் கொண்டுபோக அனுமதி கேட்டான். மகிழ்ச்சியோடு கொடுத்தார்கள். புறப்படும் நாளில் வாசலில் வந்து நின்ற கூட்டத்தைக் கண்டு பெரும்பாதையரே பல்லக்கிலிருந்து எட்டிப் பார்த்தார். கம்பளிக்காரர் தெரு மொத்தமும் நின்றது. பாத்திரம் பண்டம், பாய், தொட்டில், அடுப்பு, கோழிக்கூடு, கூண்டுக்குள் கோழி. கூப்பிடு கணவாயில் புருஷனைப் பறிகொடுத்த பெண்கள் முன்னாலேயே நின்றார்கள்.

"இத்தனை பேரா?" என்றார் பெரும்பாதையர்.

"போன தடவை உங்களுக்கு இழப்பு கம்மியாப் போச்சுங்களே," என்றான் தொர்குன். "ஈடுகட்டலாம்னு."

பெரும்பாதையர் கரைந்துபோனார். "எத்தனை பேர் திரும்புவதாக உத்தேசம்?"

"யாரும் இல்லீங்கய்யா."

"ஒருவர்கூடவா?"

"ஒருத்தர்கூட இல்ல. எல்லாரையும் இப்பவே எழுதிக்கங்க."

பேரவையின் சரித்திரத்தில் இப்படி ஒரு பேச்சை யாரும் கேட்டதில்லை. பெரும்பாதையர் பல்லக்கிலிருந்து கையை நீட்டித் தொர்குனின் தலையைத் தடவினார். அவர் கண்ணில் உண்மையாகவே நீர் கோத்திருந்தது. மேளம் கொட்டச் சொன்னார். ஹல்வீனா அழுகிற ஆட்களுக்கு ஆளுக்கு இவ்வளவென்று அழுகையைப் பிரித்துக் கொடுத்தாள். கூட்டம் வாசலைத் தாண்டியது. தொர்குன் கடைசியாகப் போனான், திரும்பிப் பார்க்காமல்.

சொன்னபடியே யாரும் திரும்பவில்லை. பேரவை அந்த ஆண்டைப் பொன்னாண்டு என்று அறிவித்தது. தூணில் இடம் போதாமல் இரண்டாவது தூண் எழுப்பினார்கள்.

அடுத்த வசந்தத்தில் கிழக்கு வாசலில் வரிசை சந்தைவரைக்கும் நீண்டது. ரொட்டிக்காரர்கள், கொல்லர்கள், பல்லக்குத் தூக்கிகள், ஆறுதல் பிரிவில் பாதிப்பேர், எல்லாரும் மூட்டைமுடிச்சோடு, ஒருவரையொருவர் எருமை, தடிமாடு என்று கூப்பிட்டுப் பழகியபடி நின்றார்கள். மக்களிடம் தியாக உணர்வு பொங்கி வழிவதாகப் பெரும்பாதையர் மாடியிலிருந்தபடி பெருமிதப்பட்டார். கீழே இறக்கிவிட ஆளில்லாததால் அவர் இரண்டு நாளாக மாடியிலேயே இருந்தார்.

வரிசையின் கடைசியில் தெம்ரி நின்றார். தோளில் படுக்கைச் சுருட்டு, கையில் வாசல் சாவி. இதை யாரிடம் கொடுத்துவிட்டுப் போவது என்று முன்னால் நின்றவர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தார். யாருக்கும் தெரியவில்லை.